ஐ லவ் யூ (கணினிப் புழு)

2000 மே 4 அன்று பிலிப்பைன்சிலிருந்து மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய கணினிப் புழு. மடலின் தலைப்பு 'ஐ லவ் யூ'. இணைப்பாக ஒரு 'காதல் கடிதம்'. அதன் கோப்புப் பெயர் 'டிஎக்ஸ்டி', 'விபிஎஸ்' என இரண்டு பின்னொட்டுகளுடன் முடிந்தது. கடைசிப் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிடுவதால், இயங்கும் நிரல் வெறும் எழுத்துக்கோப்பாகத் தெரிந்தது. திறந்ததும் படக்கோப்புகளை அழித்து, அவுட்லுக் மின்னஞ்சல் செயலியின் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் தன் நகலை அனுப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்ததே அதன் பலம். மேலதிகாரியிடமிருந்து இப்படியொரு மடல் வந்தால் யார்தான் திறக்காமல் இருப்பார்? பிரிட்டன் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைத்தது. பிலிப்பைன்சில் அப்போது உரிய சட்டம் இல்லாததால் புழுவைப் பரப்பியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. பின்னொட்டைக் காட்டும் வசதியை விண்டோசில் இன்றும் பயனர்தான் இயக்க வேண்டும்.