பெரூஃப்: ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லும் நவீன சமுதாயத்தின் தோற்றமும்

நவீன சமுதாயம் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவே செவ்வியல் சமூகவியல் கோட்பாடுகளின் அடிப்படையாகும். மார்க்ஸ் உற்பத்தி உறவுகளிலும் துர்கைம் உழைப்புப் பிரிவினையிலும் அதற்கு விடை தேடினர். மாக்ஸ் வேபர் (1864-1920) தம் விடையின் ஒரு பகுதியை 'பெரூஃப்' என்னும் ஜெர்மன் சொல்லின் வரலாற்றிலிருந்து பெற்றார்.

1904-05இல் ஆய்விதழில் வெளிவந்து 1920இல் திருத்தம்பெற்ற 'புராட்டஸ்டண்ட் அறமும் முதலாளியத்தின் உணர்வும்' என்னும் ஆய்வில் இச்சொல்லுக்கென ஓர் இயல் அமைந்துள்ளது. அழைத்தல் என்னும் வினையோடு தொடர்புடைய இச்சொல் இன்று தொழிலைக் குறிக்கிறது. இப்பொருள் விவிலிய மொழிபெயர்ப்பில் தோன்றியது என்பது வேபரின் கருத்து. 1534இல் முழுமையாக வெளிவந்த மார்ட்டின் லூத்தரின் விவிலியத்தை அவர் சான்றாகக் காட்டுகிறார். சீராக் நூலின் 11ஆம் அதிகாரம் 20, 21ஆம் வசனங்களில் கிரேக்கத்தில் வேலையையும் உழைப்பையும் சுட்டும் 'எர்கோன்', 'போனோஸ்' என்னும் சொற்கள் உள்ளன. லூத்தர் இவ்விரண்டையும் 'பெரூஃப்' என்றே பெயர்த்தார். இறைவனின் அழைப்பைக் குறிக்கப் பவுல் ஆளும் 'கிளேசிஸ்' என்பதற்கும் அதே சொல்லை வழங்கினார். மூலத்தில் வேறுபட்டு நின்ற இரு கருத்துகள் பெயர்ப்பில் ஒன்றாயின. அன்றாடத் தொழிலே இறைவன் இட்ட பணி என்னும் எண்ணம் இச்சொல்லில் நிலைபெற்றது. இப்பொருள் மூலநூலின் உணர்வன்று, மொழிபெயர்ப்பாளரின் உணர்வு என்கிறார் வேபர்.

சொல் மாறியதால் மட்டும் சமுதாயம் மாறியது என்று அவர் கூறவில்லை. லூத்தரின் பொருளியல் நோக்கு மரபுவழிப்பட்டதாகவே இருந்தது. அக்கருத்தை முறைப்படுத்திய வாழ்வொழுங்காக வளர்த்தவர்கள் கால்வினியரும் பியூரிட்டன்களும் ஆவர்.

இதே சொல் ஆங்கிலத்தில் மீண்டும் பிளவுபட்டது. 1930இல் தால்காட் பார்சன்ஸ் இதனைக் 'காலிங்' என்று பெயர்த்தார். வேபர் 1917இல் அறிவியலைப் பற்றியும் 1919இல் அரசியலைப் பற்றியும் ஆற்றிய உரைகளின் தலைப்புகளிலும் 'பெரூஃப்' உள்ளது. கெர்த்தும் மில்ஸும் 1946இல் அங்கு 'வொக்கேஷன்' என்றனர். ஜெர்மன் வாசகர் ஒரே சொல்லாகக் காணும் தொடர்பு ஆங்கில வாசகருக்கு எளிதில் புலப்படுவதில்லை.

தமிழாக்கத்திலும் இச்சிக்கல் எழும். 'தொழில்' என்றால் இறைவனின் அழைப்பு மறையும். 'அழைப்பு' என்றால் அன்றாடப் பிழைப்பு மறையும். இடத்திற்கேற்ப இரண்டையும் மாற்றிமாற்றி ஆண்டால் நடை இயல்பாகலாம்; ஆனால் இரு பொருளும் ஒரு சொல்லில் இணைந்தன என்னும் வாதமே சிதையும். எனவே முதல் ஆட்சியில் இரு பொருளையும் விளக்கிவிட்டு, பின்னர் 'பெரூஃப்' என்றே ஒருசீராக வழங்குவது பொருத்தமானது. கலைச்சொல்லின் ஒருமை இங்கு நடைச்சிக்கல் மட்டுமன்று. கோட்பாட்டின் சான்றும் அதுவே ஆகும்.