கேஸ்கரின் காதும் கொழும்பின் அலைவரிசையும்

நம்மவர் கூடும் இலக்கியச் சந்திப்புகளில் தொலைக்காட்சி பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். மாமியார் - மருமகள் அழுகையே கலையாகிவிட்டது என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு விமர்சகர்கள் மெச்சிய, விருதுகள் பெற்ற பிறநாட்டுத் தொடர்கள் சிலவற்றின் பெயர்கள் வந்து விழும். அவற்றை முழுதாகப் பார்த்தவர்கள் அச்சபையில் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படிச் சொல்லப்படும் பெயர்களில் நம் நாட்டில் முன்வரிசையில் நிற்பது 'ஓஷின்'. ஜப்பானிய உதவியுடன் 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாஹினி, அத்தொடரைச் சிங்களக் குரல் கொடுத்து ஒளிபரப்பியது. எனது சிறுபிராயத்தில் எங்களூரில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்களம் அரைகுறையாகவே விளங்கிய உம்மாமார், அந்த வீடுகளின் முன்விறாந்தையில் அமர்ந்து ஓஷினுக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்று அது தரத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றது. ஆனால் ஓஷின் என்பது என்ன? ஜப்பானில் 1983-84இல் காலை வேளைகளில் பதினைந்து நிமிடங்களாக 297 அங்கங்கள் ஓடிய குடும்பத் தொடர். சராசரியாக நூற்றுக்கு 52.6 வீதமானோர் அதைப் பார்த்தனர். சாகா என்ற ஊரில் ஓஷின் தன் மாமியாரிடம் படும் பாடு, அத்தொடரில் ஜப்பானியரை மிக அதிகமாக அழவைத்த பகுதிகளில் ஒன்று. நம் சந்திப்புகளில் ஏசப்படும் தொடர்களுக்கும் இதற்கும் எழுத்திலும் நடிப்பிலும் வித்தியாசம் உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் "மாமியார் அழுகை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளி மற்றதை ஏற்க முடியாது.

தனக்குப் பிடித்ததைத் தேர்வதா, அறிந்தவர்கள் மெச்சியதைத் தேர்வதா என்ற இந்த வழக்கு தொலைக்காட்சியோடு பிறந்ததல்ல. அதை முகமூடி இல்லாமல் காண வேண்டுமானால் வானொலிக் காலத்துக்கு, குறிப்பாக 1952ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வழக்கில் கொழும்பு நடுவில் நிற்கின்றது.

அவ்வாண்டு இந்தியாவில் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பி.வி. கேஸ்கர். 1962 வரை அப்பதவியில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். சினிமாப் பாட்டு மக்களின் காதைக் கெடுக்கின்றது என்பது அவருடைய திடமான எண்ணம். முதலில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. பிறகு, படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று பாடியவர் பெயரோடு நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பும் அனுமதியையே மீளப்பெற்றனர். சில மாதங்களில் சினிமாப் பாடல்கள் இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயின. அவற்றுக்குப் பதிலாக, கவிஞர்களையும் இசைஞர்களையும் அமர்த்தி, வானொலி நிலையங்களே மெல்லிசை தயாரிக்கத் தொடங்கின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1952இல்தான் 'பைஜு பாவ்ரா' திரைப்படம் வெளிவந்தது. இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயுனி. முஹம்மத் ரபி பாடினார். படத்தில் இடம்பெறும் இசைப் போட்டிக்காக உஸ்தாத் அமீர் கானும் டி.வி. பலுஸ்கரும் பாடினர். இராகங்களின் மேல் கட்டிய அப்பாடல்களைத் தெருவோரத் தேநீர்க் கடைக்காரனும் முணுமுணுத்தான். அமைச்சர் எதை மக்களுக்குக் கற்பிக்க விரும்பினாரோ, அதை மக்கள் தாம் விரும்பிய வழியில் கற்றுக்கொண்டிருந்தார்கள்! ஆனால் அது சினிமா என்ற வாசலால் வந்தது. ஆகவே அந்த வாசல் அடைக்கப்பட்டது.

கொழும்பில் அப்போது ஒரு பெரிய ஒலிபரப்புக் கருவி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தபோது, படையினருக்காக நிறுவப்பட்ட 'ரேடியோ சியாக்' நிலையத்தின் சொத்து அது. போர் முடிந்ததும் அந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் அதனை நடத்தினார். இமயம் வரை கேட்கும் சிற்றலை, விளம்பரம் தரக் காத்திருக்கும் பம்பாய்க் கம்பனிகள், பாட்டுக்கு ஏங்கும் கோடிக்கணக்கான காதுகள் - மூன்றும் ஒன்று சேர்ந்தன.

1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு, 'பினாகா கீத்மாலா' ஒலித்தது. அது பற்பசைக் கம்பனியொன்றின் நிகழ்ச்சி. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்ய, நாடாக்கள் விமானத்தில் கொழும்பு வந்தன. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில காலத்தில் பாடல்கள் செல்வாக்கு வரிசைப்படி ஒலிக்கத் தொடங்கின. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்குகளும் அந்த வரிசையைத் தீர்மானித்தன. டில்லியில் அறிஞர் குழு தேர்ந்தது ஒருபுறம். தபாலட்டையில் மக்கள் தேர்ந்தது மறுபுறம். தமிழ்ப் பக்கத்திலும் இதே கதைதான். மயில்வாகனனார் காலத்திலிருந்து கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் காலம் வரை தமிழகத்து வீடுகள் கொழும்புக்குக் காது கொடுத்தன என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கொழும்பை மக்கள் ரசனையின் காவலனாக நிறுத்திப் பெருமைப்படுவோருக்கு ஒரு சங்கடமான செய்தியும் இருக்கின்றது. அதே 1952இல் ரேடியோ சிலோன் தன் சொந்தப் பாடகர்களைத் தரம் பிரிப்பதற்கு லக்னோவிலிருந்து எஸ்.என். ரதஞ்சன்கரை அழைத்தது. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. சிங்களப் பாடகர்கள் அவர் முன் பாடிக் காட்ட வேண்டும். சுனில் சாந்த மறுத்துவிட்டார். அவர் கல்லாதவரல்லர், சாந்திநிகேதனிலும் லக்னோவிலும் கற்றுப் பட்டம் பெற்றவர். சிங்களப் பாட்டை ஹிந்துஸ்தானி இராகத்தின் அளவுகோலால் அளப்பதை அவர் ஏற்கவில்லை. நாடெங்கும் விரும்பப்பட்ட அந்தக் குரல் வானொலியிலிருந்து விலகியது. இந்திய நேயருக்கு அவர் கேட்ட பாட்டைக் கொடுத்த அதே நிலையம், தன் வீட்டு நேயருக்கு அவர் விரும்பிய பாடகரைக் கொடுக்கவில்லை. விளம்பரம் வந்த இடத்தில் மக்கள் ரசனை செல்லுபடியாகியது. வராத இடத்தில் அறிஞர் சொல் செல்லுபடியாகியது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேஸ்கரின் காதுக்குப் பின்னால் ஒரு வரலாற்றுக் கருத்தும் இருந்தது. வட இந்திய இசை சீரழிந்ததற்கு பிரிட்டிஷாரோடு முஸ்லிம்களையும் அவர் தம் எழுத்தில் பொறுப்பாளிகளாக்கியிருக்கிறார். அவருடைய பிரதான நடுவரான ரதஞ்சன்கரோ உஸ்தாத் பையாஸ் கானின் மாணவர்! "தரம்" என்ற சொல் எப்போதும் தனியாக வருவதில்லை. யாருடைய பாட்டு, யாருடைய மொழி, யாருடைய வீட்டுப் பழக்கம் தாழ்ந்தது என்ற முடிவு சில வேளைகளில் அதற்குள் ஒளிந்திருக்கும். உருதுக் கவிஞர்கள் எழுதி முஸ்லிம் இசையமைப்பாளர்கள் பலர் மெட்டமைத்த பாடல்கள் தள்ளப்பட்டதை வாசிக்கும்போது, இதை நினையாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இருந்தாலும் கேஸ்கருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். சமஸ்தானங்கள் ஒழிந்தபின் அரண்மனைச் சோறு இழந்த இசைஞர்களுக்கு வானொலிதான் அடுப்பெரித்தது. 1952 ஜூலையில் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, பெரும் வித்துவான்களை அனுமதிச் சீட்டு வாங்க முடியாத மனிதனின் குடிசைக்குள் கொண்டுபோனது. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திராது. பற்பசைக் கம்பனி ஒன்றரை மணிநேர ஆலாபனைக்குப் பணம் கட்டாது. அவர் கொண்டுவந்ததில் எனக்குக் குறை இல்லை. மற்றதை அடைத்ததுதான் வழக்கு. ஐந்தே ஆண்டுகளில் தீர்ப்பும் வந்தது. 1957 ஒக்டோபர் 3இல் அகில இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கி, சினிமாப் பாடல்களை மீண்டும் உள்ளே அழைத்தது. அமைச்சர் அப்போதும் கேஸ்கர்தான்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். இன்று அடைப்பதற்குக் கதவே இல்லை என்பார்கள். அலைவரிசைகள் நூறு, கைத்தொலைபேசியில் இன்னும் ஆயிரம். ஆனால் எங்களூர் வீடுகளில் இஷாத் தொழுகைக்குப் பிந்திய அந்த ஒரு மணிநேரமும், ஹோலில் உள்ள ஒரு பெட்டியும் இன்னும் ஒன்றுதான். அங்கே கேஸ்கர் வேலையைச் செய்பவர்கள் படித்த ஆண்களாகிய நாம். பகல் முழுதும் அடுப்படியிலும் பிள்ளைகளோடும் நின்றவள் பார்க்கும் தொடரை "குப்பை" என்று சொல்லிச் செய்திக்கு மாற்றுகின்றோம். அத்தொடரில் எந்த இடம் அவளைப் பிடித்து வைத்திருக்கின்றது என்று கேட்பதில்லை. எனது மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். கதை அவருக்கும் அலுத்துவிட்டதாம். ஆனால் சொத்துப் பங்கீட்டில் ஏமாற்றப்பட்ட ஒரு பெண் என்ன செய்யப் போகிறாள் என்பதற்காகவே பார்க்கிறாராம். அவ்வளவு தெளிவான காரணத்தை விருது பெற்ற தொடர்களைப் புகழும் நண்பர்களிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

விமர்சகர்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இலக்கியம் கற்பித்தவர், ஒரு கதையை நல்லது என்று சொல்லமாட்டார். இந்த வரியைப் பாருங்கள் என்பார். அப்படிச் சுட்டிக்காட்டும் விமர்சகர் சொன்ன தொடரை நான் தேடிப் பார்ப்பேன். பிடிக்காவிட்டால் மூன்றாம் அங்கத்தோடு நிறுத்தியும் விடுவேன். பட்டியல் மட்டும் தருபவரின் சொல்லுக்கும் பற்பசைக் கம்பனியின் வரிசைக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை.

'கீத்மாலா' 1989இல் கொழும்பை விட்டு விவித பாரதிக்கே போய்ச் சேர்ந்தது. அமீன் சயானி 2024 பெப்ரவரியில் காலமானபோது, இந்தியப் பிரதமரே அனுதாபச் செய்தி விடுத்தார். அக்காலத்துக் கொழும்பு நிலையத்தின் இசைத்தட்டு நூலகம், வேறெங்கும் கிடைக்காத பழைய ஹிந்திப் பாடல்களுக்காக இந்திய ரசிகரிடையே இன்றும் பேசப்படுகின்றது.