மங்கலான நகல் தந்த கூர்மை

கேமராவில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கும். அதையே இணைய ஆல்பத்துக்காகச் சின்னதாக்கினால் கண் இமை, துணியின் நெசவு, மரத்தின் இலை எல்லாம் கொஞ்சம் மழுங்கிவிடும். இதைச் சரிசெய்ய ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. பெயர் "அன்ஷார்ப் மாஸ்க்". அதாவது, கூர்மையில்லாத முகமூடி! கூர்மையாக்கும் கருவிக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

விடை தெரிய வேண்டுமானால் கணினிக்கு முந்தைய இருட்டறைக்குள் போக வேண்டும். 1930களில் ஜெர்மனியில் உருவான முறை இது. நெகடிவின் மேல் ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் புது ஃபிலிம் வைத்து நகல் எடுப்பார்கள். நடுவில் கண்ணாடி இருப்பதால் நகல் மங்கலாகத்தான் விழும். அதை நெகடிவோடு சரியாகப் பொருத்தி, இரண்டின் வழியாகவும் ஒளியைச் செலுத்திப் பிரிண்ட் போடுவார்கள். நகல் பாசிடிவ் என்பதால், நெகடிவில் உள்ள பெரிய வெளிச்ச, இருள் வித்தியாசங்களை அது குறைத்துவிடும். நுணுக்கமான கோடுகள் மங்கல் நகலில் பதிவதில்லை. எனவே அவை மட்டும் குறையாமல் நிற்கும். கான்ட்ராஸ்ட் கூடிய தாளில் பிரிண்ட் போட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும்.

விளிம்பு எடுப்பானால் படமே கூர்மையாகத் தோன்றுவது ஏன்? இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் கண் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று 1865லேயே ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் விளக்கியிருந்தார். விமான வேகத்தைச் சொல்லும் "மாக்" இவர் பெயர்தான்.

1970களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் இதே முறையை வானியல் படங்களுக்குப் பயன்படுத்தினார். நெபுலாக்களின் பிரகாசமான நடுப்பகுதி சாதாரண பிரிண்டில் வெறும் வெள்ளையாகத் தெரியும். மங்கல் நகலை வைத்ததும் அதற்குள் ஒளிந்திருந்த அமைப்புகள் வெளியே வந்தன.

கணினிப் படத்தின் கதை 1957ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்தார். அளவு 176 x 176, மொத்தம் 30,976 புள்ளிகள். 1990ல் ஃபோட்டோஷாப் வந்தது. இருட்டறை வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டாலும் பழைய பெயர் மாறவில்லை. அன்று கண்ணாடியின் தடிமன் செய்த வேலையை இன்று "ரேடியஸ்" என்ற எண் செய்கிறது. இரண்டுமே நகல் எவ்வளவு மங்கலாக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கின்றன.

சரி, சின்னதாக்கும்போது என்ன நடக்கிறது? 3000 x 2000 படத்தை 600 x 400 ஆக்கினால் 25 புள்ளிகளின் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. 25ல் ஒன்றை மட்டும் பொறுக்கினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி உடையும். சராசரி எடுத்தால் விளிம்பு மழுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர்களில் ராபர்ட் கீஸ் ஒருவர். 1981ல் அவர் வெளியிட்ட கணக்கு முறைதான் மென்பொருள்களில் "பைக்யூபிக்" என்ற பெயரில் பலரும் பார்த்திருப்பது.

எந்த முறையானாலும் வரிசை முக்கியம். முதலில் சின்னதாக்க வேண்டும், கடைசியில்தான் கூர்மையாக்க வேண்டும், அதுவும் சின்ன ரேடியஸில். முன்பே கூர்மையாக்கினால் அந்த மெல்லிய விளிம்புகளும் சராசரியில் கரைந்துவிடும். அளவு மீறினால் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் விழும், ஜேபெக் ஃபைலும் பெருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாலினின் பிளேட்டில் தகவல் ஏற்கனவே பதிவாகியிருந்தது, அதனால் வெளியே வந்தது. சின்னதாக்கிய படத்தில் போன புள்ளிகள் போனவைதான். கூர்மை கண்ணுக்குத் திரும்பும், தகவல் திரும்பாது. கிர்ஷின் குழந்தைப் படத்தை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அதில் உள்ளது அந்த 30,976 புள்ளிகள்தான். எனவே ஆல்பத்துக்குப் போவது நகலாகவே இருக்கட்டும். ஒரிஜினலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!