ஊராட்சித் தேர்தலும் மலேசியத் தமிழரும்

மலேசியத் தமிழ் நாளேடுகளின் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு ஒருவகைச் செய்தி நன்கு பழக்கமானது. நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர், தம் பகுதியில் அடைபட்டுக் கிடந்த கால்வாய் தூர் எடுக்கப்பட்டதையோ, கோயிலுக்குச் செல்லும் சந்தில் தெருவிளக்கு எரியத் தொடங்கியதையோ, அங்காடிக் கடைக்காரர்களின் உரிமம் புதுப்பிக்கப்படவிருப்பதையோ அறிவிப்பார். சுடுகாட்டுக்கு நிலம் வேண்டும் என்பார். வீட்டு வரி நிலுவை வைத்திருப்போர் விரைந்து செலுத்துமாறு கேட்டுக்கொள்வார். இடையே அரசியலும் சிறிது தலைகாட்டும். இறுதிப் பத்தியில், இப்பணிக்கு வழிவகுத்த தலைவருக்கு நன்றி நவிலப்பட்டிருக்கும். வாக்களித்த மக்களுக்கு நன்றி கூறும் வழக்கம் அவ்வறிக்கைகளில் இல்லை. கூறவும் இயலாது, அவருக்கு வாக்களித்தவர் எவரும் இலர்.

இந்நிலை தொன்றுதொட்டு வந்ததெனக் கருதுவோர் இளந்தலைமுறையினருள் பலர். ஊராட்சியைப் பற்றிப் பேசப் புகும் தமிழ் எழுத்தாளர்களோ, நேரே உத்திரமேரூர்க் குடவோலைக்குச் சென்றுவிடுவர். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் போற்றுவதில் குற்றமில்லை. ஆயினும், சென்ற நூற்றாண்டில் பினாங்கிலும் ஈப்போவிலும் வைக்கப்பட்ட வாக்குப்பெட்டிகளின் வரலாறு, மலேசியத் தமிழர்க்கு அதனினும் நெருங்கிய சொத்தாகும்.

பினாங்கில் ஊராட்சிக்குரிய முதல் அமைப்பு 1800ஆம் ஆண்டளவில் வரிமதிப்பீட்டாளர் குழுவாகத் தோன்றியது. 1857ஆம் ஆண்டு முதல் நகராண்மை ஆணையர்களுள் சிலரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. வாக்குரிமை சொத்துடையார் சிலருக்கே உரியதாக இருந்தது. அந்தச் சிறு உரிமையும் 1913ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டத்தால் பறிபோயிற்று. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், நகரத்தை ஆள்வோரை ஆங்கிலேய ஆட்சியாளரே அமர்த்தினர்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தன்னாட்சி கோரும் குரல் வலுத்தபோது, ஆட்சியாளர் ஊராட்சியையே முதற்படியாகத் திறந்தனர். 1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்படி, 1951 டிசம்பர் முதல் நாள் ஜோர்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களில் ஆறினைத் தீவிரக் கட்சி வென்றது. 1952 பிப்ரவரி 16இல் கோலாலம்பூரில் நடந்த தேர்தலோ நாட்டின் போக்கையே மாற்றியது. அங்கு அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒன்பதைக் கைப்பற்றின. எல்லா இனத்தாரும் ஒரே கட்சியில் இணைய வேண்டுமென்ற டத்தோ ஓன் ஜாபாரின் மலாயாச் சுதந்திரக் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிட்டின. மலாயா இந்தியர் காங்கிரஸ் அன்று டத்தோ ஓனின் பக்கம் நின்றது. 1954இல்தான் கூட்டணியில் சேர்ந்தது. பின்னர் நாட்டை ஆண்ட கூட்டணி, ஒரு நகராண்மைத் தேர்தலின் வார்டுக் கணக்கில் பிறந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் மறத்தலாகாது. கூட்டரசுச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்ததே 1955 ஜூலையில்தான்.

1952ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் இவ்வுரிமையைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது. அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்கள் பல, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைப் பெற்றன. 1960களின் தொடக்கத்தில் இத்தகைய அமைப்புகள் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்டிருந்தன. தமிழருக்கு இதில் கிடைத்த பங்கு எத்தகையது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். புதுக்கிராமங்களில் வாழ்ந்தோர் பெரும்பாலும் சீனர். தமிழருள் மிகப் பலர் இரப்பர்த் தோட்டங்களில் இருந்தனர். தோட்டமோ தனியார் நிலம். அங்கே குழாய்நீரும் கால்வாயும் லயத்தின் கூரையும் நிருவாகியின் பொறுப்பில் இருந்தன. தெருவிளக்கு வேண்டுமெனினும் கங்காணியையோ கிராணியையோ துரையையோ அணுக வேண்டும். தொழிற்சங்கம் பேசினால் பேசலாம். மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, வேலை நடக்கவில்லையென்றால் மறுமுறை வீட்டுக்கு அனுப்பும் பயிற்சி தோட்டத் தமிழருக்கு வாய்க்கவில்லை.

நகரத் தமிழரின் நிலை வேறு. நகரின் தெருக்களைக் கூட்டியவர்கள், கழிவு அகற்றியவர்கள், சாலை போட்டவர்கள் ஆகியோருள் தமிழர் மிகுதியாக இருந்தனர். நகராண்மைக் கழகம் அவர்களுக்கு முதலாளியாகவும் வீட்டுக்காரனாகவும் இருந்தது. அத்தகைய கழகத்தின் தலைமை நாற்காலியில் ஒரு தமிழர் அமர்ந்த நிகழ்ச்சியே இவ்வரலாற்றின் நடுநாயகம் எனலாம்.

1956ஆம் ஆண்டில் ஜோர்ஜ்டவுன் கழகம், நியமன உறுப்பினரே இல்லாத முழுத் தேர்தல் மன்றமாயிற்று. 1957 ஜனவரி முதல் நாள், எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் மாநகர் என்ற தகுதியும் பெற்றது. மலாயாக் கூட்டரசில் அத்தகுதி பெற்ற முதல் நகர் அதுவே. அதன் முதல் மேயராகத் தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான டி.எஸ். இராமநாதன் அமர்ந்தார், 1961 வரை அப்பதவியில் இருந்தார். 1957 ஆகஸ்டில் தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் இணைந்து சோசலிச முன்னணியை அமைத்தபின், மாநகர் மன்றம் அம்முன்னணியின் கோட்டையாக விளங்கியது.

அந்த மன்றத்தின் பொறுப்புகளை இன்றைய மன்றங்களோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். மின்சாரம் வழங்கியது மாநகர் மன்றம். குடிநீர் வழங்கியதும் அதுவே. 1962இல் நிறைவுற்ற ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு அம்மன்றத்தின் ஆக்கம். நகரப் பேருந்துகளும், 1961 வரை ஓடிய மின்கம்பிப் பேருந்துகளும் அதன் உடைமை. விளக்கு எரியவில்லை, குழாயில் நீர் வரவில்லை, பேருந்து நிற்காமல் போயிற்று என்ற எந்தக் குறையானாலும் வார்டு உறுப்பினரின் வாசலுக்கே வந்து சேரும். ‘அது வேறு துறை’ என்று தட்டிக்கழிக்க அவருக்கு இடமில்லை. குறை தீராவிடில் அடுத்த தேர்தலில் விடை கிடைக்கும்.

பினாங்கு நகரில் சீனர் பெரும்பான்மையினர். அவர்களின் வாக்கால் அமைந்த மன்றம், ஒரு தமிழரை மேயராக ஏற்றது. ஈப்போவிலும் இதனையொத்த காட்சியைக் காணலாம். 1953இல் தோன்றிய முற்போக்குக் கட்சியை நடத்திய டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் என்னும் சகோதரர்கள் இலங்கைத் தமிழ் வழிவந்த வழக்கறிஞர்கள். சீனர் மிகுந்த அந்நகரின் கழகம் 1950களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் கட்சியின் கைக்கு வந்தது. டி.ஆர். 1957 நவம்பரில் இடைத்தேர்தல் வழியாகக் கூட்டரசுச் சட்டமன்றத்துக்கும் சென்றார். கால்வாயும் கடை உரிமமும் பற்றிய வழக்கில் வாக்காளர் நாடியது, தம் இனத்தானையா, தமக்காக வாதாடுவோனையா என்ற வினாவுக்கு இவ்விரு நகரங்களும் விடை பகர்கின்றன.

எதிர்க்கட்சிகளின் கையில் பெருநகரங்கள் சென்றது நடுவண் அரசுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. கோலாலம்பூரில் 1961லேயே தேர்தல் மன்றம் அகற்றப்பட்டு, ஆணையர் ஆட்சி வந்தது. பிற இடங்களுக்கு இந்தோனேசியாவின் ‘மோதல்’ காரணமாயிற்று. 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்குமெனப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிவுக்கு வந்தது, தேர்தல் வரவில்லை. மாறாக, நிருவாகச் சீர்கேடு நிகழ்ந்ததென்ற குற்றச்சாட்டின்பேரில் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் அவ்வாண்டில் மாநில முதலமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. மன்றங்களில் குறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறையுள்ள உறுப்பினரைக் களையும் கருவி வாக்காளரிடம் இருந்தபோது, அக்கருவியையே பிடுங்கிக்கொண்டது எவ்வகைச் சீர்திருத்தம் என்பது விளங்கவில்லை.

இக்கேள்வியை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர், வழக்கறிஞர். உறுப்பினர்களுள் ஒருவர், முன்னாள் மேயர் டி.எஸ். இராமநாதன். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர் தலைமை ஏற்ற ஆணையமாதலின், அரசு விரும்பும் விடையே வருமெனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். மூன்றாண்டுக்கு மேல் ஆய்ந்து, 1968 டிசம்பரில் ஆணையம் அளித்த அறிக்கை வேறு கூறிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு. ஆயினும் நன்மை அக்குறைகளை விஞ்சுகிறது. ஆகவே தேர்தல் ஊராட்சி தொடரவேண்டும் என்பதே அதன் பரிந்துரை. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் தம் அரசுக்கு உவப்பில்லாத முடிவைத் துணிந்து எழுதிக் கையொப்பமிட்ட இச்செயல், ம.இ.கா. மேடைகளில்கூட அரிதாகவே நினைக்கப்படுகிறது. அவர் துணைவியார் ஜானகி ஜான்சி ராணிப் படையில் ஆற்றிய தொண்டைப் பேசுவோர், கணவரின் இவ்வறிக்கையையும் ஒருமுறை எடுத்துப் படித்தல் நன்று.

அறிக்கை வந்த ஐந்து மாதங்களில், 1969 மே கலவரம் நாட்டை உலுக்கியது. சில ஆண்டுகள் கழித்தே அறிக்கை வெளியிடப்பட்டது. தேர்தல் பற்றிய பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் தேர்தல் வழி அமைந்திருக்க, மூன்றாம் படியிலும் தேர்தல் மிகையென வாதிடப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இக்கதையை முடித்துவைத்தது. அதன் 10ஆம் பிரிவு, தலைவர் நீங்கலாக எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினரை மாநில அரசு நியமிக்குமென்கிறது. 15ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்டவிதிகள் யாவும் செயலற்றுப்போகுமென்கிறது. ஆதி நாகப்பன் மறைந்ததும் அதே 1976இல்தான்.

இவ்வாண்டு தமிழருக்கு எத்தகைய வேளையில் வந்தது என்பதைக் கருதவேண்டும். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வழிவிட்டன. லயங்களை விட்டு வெளியேறிய தமிழர், நகரோரங்களில் புறம்போக்கு நிலக் குடியிருப்புகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறினர். வீட்டு வரி, கடை உரிமம், கோயில் நிலம், சுடுகாடு என எல்லாவற்றுக்கும் நகராண்மைக் கழகத்தின் கதவைத் தட்டவேண்டிய காலம் அவர்களுக்கு அப்போதுதான் வந்தது. அவர்கள் வந்துசேர்ந்தபோது வாக்குப்பெட்டி அகற்றப்பட்டிருந்தது. தோட்டத்தில் கிடைக்காத உரிமை, நகரத்திலும் கிடைக்காமற்போயிற்று.

நியமன முறையில் ஆளுங்கூட்டணிக் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டன. ம.இ.கா.வின் பங்குக்குக் கிளை, தொகுதித் தலைவர்கள் சென்றனர். அவர்களுள் உழைத்தவர் இல்லாமலில்லை. நள்ளிரவில் வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு ஓடியவர்களை மக்கள் அறிவர். ஆயினும் அடுத்த நியமனத்தை முடிவுசெய்பவர் கட்சித் தலைமையிலும் மாநில அரசிலும் இருந்தமையால், உறுப்பினரின் கண் அத்திசையிலேயே நிலைத்தது. செய்தி அறிக்கையின் இறுதிப் பத்தி நன்றி யாருக்கு எழுதப்படுகிறது என்பதன் காரணம் இதுவே.

2008ஆம் ஆண்டில் பினாங்கிலும் சிலாங்கூரிலும் ஆட்சி மாறியது. நியமனம் மாறவில்லை, நியமிக்கும் கட்சிகள் மாறின. பினாங்கு அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கெனச் சட்டமொன்றை இயற்றிப் பார்த்தது. மாநில அரசும் பி. இராமகிருஷ்ணன் என்னும் சமூக ஆர்வலரும் தொடுத்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டு 14இல் தீர்ப்பளித்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருக்கும்வரை மாநிலம் தனியே தேர்தல் நடத்த இயலாது என்பது அதன் சாரம். 2018 டிசம்பரில் பிரதமர் மகாதீர், ஊராட்சித் தேர்தல் இனப் பூசலுக்கு வழிகோலும் என்று கூறி அக்கருத்தை ஒதுக்கினார். 1957இல் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தில் மேயராக அமர்ந்தவர் யார் என்பதை அப்போது எவரேனும் எடுத்துக்காட்டியிருக்கலாம். 2023இல் இந்திய வம்சாவளியினரான இராஜேந்திரன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயரானார். அவர் மாநில அரசால் நியமனம் பெற்றவர்.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்றுண்டு. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. குழுக் கூட்டங்களுக்கு இவ்விதி பொருந்தாது. முழு மன்றக் கூட்டத்துக்குப் பொருந்தும். உறுப்பினர் தம் பகுதிக்காக என்ன பேசினார், பேசவே இல்லையா என்பதை அங்கே அமர்ந்து கேட்கலாம். அதற்குக் கூட்டம் நடக்கும் நாளை மன்ற அலுவலகத்தில் கேட்டறிந்தாற் போதும்; எந்தக் கட்சியின் பரிந்துரையும் வேண்டியதில்லை.