50 ரூபாய் வாத்தியார்

காலை ஏழரை மணிக்கு சாணார்பட்டி பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பாருங்கள். நத்தம் ரோட்டில் இரண்டு விதமான வண்டிகள் வரும். ஒன்று, திண்டுக்கல் போகிற டவுன் பஸ். இன்னொன்று, நூல் மில்லுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன். இரண்டுக்கும் காத்துக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு வயசு ஒன்றுதான். பதினெட்டு, பத்தொன்பது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாகக்கூட இருப்பார்கள். ஒருத்தி வேனில் ஏறிவிடுவாள். இன்னொருத்தி பஸ் ஏறி, திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரிக்குப் போவாள்.

பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர். பேத்தியை பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பி.ஏ. தமிழ் எடுத்திருக்கு சார். அதப் படிச்சு என்னத்தச் செய்யப் போகுதோ. மில்லுக்குப் போனாலாவது மாசம் பொறந்தா காசு வரும்."

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடத் தோன்றும். ஆகவே பெரியவர் கேட்டதை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியவில்லை. அரசாங்கப் பணத்தில் தமிழும் சரித்திரமும் கணிதமும் சொல்லிக் கொடுக்கிற கல்லூரியால் என்ன லாபம்?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் கும்பகோணம் போய்வர வேண்டும். இன்றைய கும்பகோணம் அல்ல. 1880.

காவிரிக் கரையில் அரசுக் கல்லூரி. 1854-ல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து 1867-ல் கல்லூரியானது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வேறு. வெள்ளைக்காரன் நாம் புறநானூறு படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அதைக் கட்டவில்லை. ஆபீசுக்கு ஆள் வேண்டும். குமாஸ்தா வேண்டும், தாசில்தார் வேண்டும், முன்சீப் வேண்டும். போனால் போகிறது என்று ஒரு தமிழ்ப் பண்டிதருக்கும் நாற்காலி போட்டிருந்தான். அவ்வளவுதான்.

அந்த நாற்காலியில் இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உடம்புக்கு முடியாமல் ஓய்வுபெற நினைத்தவர், தன் இடத்துக்கு ஆள் தேடித் திருவாவடுதுறை மடத்துக்குப் போனார். அங்கே அதே மகாவித்துவானிடம் படித்த ஓர் இளைஞர் இருந்தார். மடத்துக்கு அவரை அனுப்ப மனசே இல்லை. செட்டியார் விடவில்லை. கல்லூரியில் பாடம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பரீட்சித்தார்கள். தேறிவிட்டார். 1880 பிப்ரவரியில் வேலை. மாதம் 50 ரூபாய் சம்பளம்.

உ.வே.சாமிநாதையர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசு நிறைகிற சமயம். பி.ஏ. கிடையாது. இங்கிலீஷ் கிடையாது. (இன்றைக்கு நெட், செட், பி.எச்டி. எதுவும் இல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தால் முதல் சுற்றிலேயே கழித்திருப்பார்கள். அது வேறு கதை.)

அதே வருஷம் அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்கிற முன்சீப் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். கல்லூரித் தமிழ் வாத்தியார் என்று கேள்விப்பட்டு, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். இவர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். முன்சீப் அசைந்து கொடுக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? இவர் அதுவரை அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

வேறு யாராவது இருந்தால் சங்கடத்தோடு வீட்டுக்கு வந்து மறந்திருப்பார்கள். சாமிநாதையர் சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். புரியவில்லை. சமண நூல் அல்லவா? சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு எப்படிப் புரியும்? ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். பகலில் கல்லூரியில் பாடம். மற்ற நேரமெல்லாம் ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ஏழு வருஷம் கழித்து, 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. 1889-ல் பத்துப்பாட்டு. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. 1898-ல் மணிமேகலை. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகும் வரை கும்பகோணத்தில்தான் இருந்தார். சென்னையிலும் அதே அரசாங்கச் சம்பளம், 1919-ல் ஓய்வு பெறும்வரை.

அவர் ஒருத்தரே எல்லாவற்றையும் செய்துவிட்டார் என்று சொன்னால் பாவம். யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் தேடிப் பதிப்பித்தவர். மடம் உதவியது, கொடையாளிகள் உதவினார்கள். எல்லாம் சரி. ஆனால் அடுத்த மாச அரிசிக்கு என்ன செய்வது என்கிற கவலை இல்லாமல் ஏழு வருஷம் ஒரே புத்தகத்தோடு மல்லுக்கு நிற்க ஒருவருக்கு எது இடம் கொடுத்தது? அந்த 50 ரூபாய்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கும்பகோணத்தில் 23 வருஷம். சம்பளம் ஒரு காசுகூட ஏறவில்லை என்றே வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 13,800 ரூபாய். வரவுப் பக்கத்தில் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் எந்தத் தலைப்பில் எழுதுவது? எனக்குத் தெரிந்த எந்தப் பேரேட்டிலும் அதற்குப் பத்தி கிடையாது.

சரி, இதைக் கேட்டுவிட்டு அரசுக் கல்லூரி என்றால் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கும்பகோணம் கல்லூரிதான், சாமிநாதையர் கிளம்பிப்போன அடுத்த வருஷம், 1904-ல், ஒரு ஜவுளிக்கடை குமாஸ்தாவின் பையனை உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. பையனுக்குக் கணக்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இங்கிலீஷில் கோட்டை விட்டான். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவுக்கு மாசச் சம்பளமே 20 ரூபாய். எங்கிருந்து கட்டுவது? பையன் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். திரும்பி வந்து சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. சீனிவாச ராமானுஜன்.

ஒரே கல்லூரி. வாத்தியாருக்கு 50 ரூபாய் கொடுத்து ஒருவரைக் காப்பாற்றியது. மாணவனிடம் 32 ரூபாய் கேட்டு இன்னொருவரைத் துரத்தியது.

இந்த 32 ரூபாய்ப் பிரச்னையைத் தீர்க்கத் தமிழ்நாட்டுக்கு நூறு வருஷம் ஆயிற்று. முதலில் கல்லூரிகள் கிட்டே வந்தன. 1960-களில் தொடங்கி மாவட்டத் தலைநகரங்கள், தாலுகா ஊர்கள் என்று அரசு கலைக் கல்லூரிகள் பரவின. திண்டுக்கல் மகளிர் கல்லூரி அப்படி வந்ததுதான். பிறகு 2007-08ல் அரசுக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்றார்கள். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானது. 2022-ல், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கும் 2024-ல் அதேபோல ஒன்று. சாணார்பட்டி பஸ் ஸ்டாப்பில் வேனை விட்டு பஸ்ஸில் ஏறுகிறவளுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த 50 ரூபாய்?

இங்கேதான் கதை தடுமாறுகிறது. 2003-ல் சென்னையில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மெரினா கடற்கரை எதிரே ராணி மேரி கல்லூரி. 1914-ல் ஆரம்பித்தது. சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி, அரசுக் கல்லூரி. அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்று ஜெயலலிதா அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியே வர மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போன மு.க.ஸ்டாலின், அத்துமீறி நுழைந்ததாகக் கைதானார். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஊரே பேசியது. கடைசியில் திட்டம் நடக்கவில்லை. கல்லூரி அதே இடத்தில்தான் இருக்கிறது.

கட்டடத்தை இடிக்கிறேன் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்காலி காலியாகக் கிடந்தால் யாருக்குத் தெரிகிறது? ஒரு பேராசிரியர் ஓய்வு பெறுவார். பிரிவுபசார விழா, சந்தன மாலை, குரூப் போட்டோ. அந்த இடம் அப்படியே கிடக்கும். தியாகராச செட்டியார் தன் நாற்காலிக்குத் தானே ஆள் பிடித்து உட்கார வைத்துவிட்டு நகர்ந்தார். இப்போது கௌரவ விரிவுரையாளர் என்று ஒருவரை நியமிக்கிறார்கள். பெயரில் மட்டும் கௌரவம். 2024-ல் அவருடைய தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் பதினோரு மாதத்துக்கு. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. சொன்னது 2019-ல். அதே 2024-ல் நிரந்தர வேலைக்கு 4,000 உதவிப் பேராசிரியர்கள் என்று விளம்பரம் வந்தது. தேர்வு தள்ளிப்போனது.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதுக் கல்லூரி திறந்துகொண்டே இருக்க வேண்டும், கட்டணம் வாங்கக்கூடாது, நிரந்தரச் சம்பளமும் பென்ஷனும் கொடுக்க வேண்டும் என்றால் பட்ஜெட் விழி பிதுங்கும். எனக்கும் கூட்டத் தெரியும். ஆனால் எந்தச் செலவைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? ரிப்பன் வெட்டுகிற செலவு குறைவதில்லை.

டீக்கடைப் பெரியவரிடம் சாமிநாதையர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எம்பேத்திக்கு அந்த மாதிரி வாத்தியார் வாய்க்கணும்ல" என்றார்.

சாமிநாதையர் ஏடு தேடி நெல்லைச் சீமையில் ஆழ்வார்திருநகரி வரைக்கும் அலைந்தவர். ஊர் ஊராகப் போகக் கல்லூரி விடுமுறை கை கொடுத்தது. வேலை நிரந்தரம். திரும்பி வந்தால் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

இந்தப் பக்கத்துக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ் கௌரவ விரிவுரையாளர். சங்க இலக்கியத்தில் பி.எச்டி. மே மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சீசன் நேரம் சார். நத்தத்துல மச்சான் மாங்கா மண்டி வெச்சிருக்காரு. கணக்கு எழுதப் போயிருவேன்."