எடைக்குப் போன 127 பல்

போன மாதம் கணபதியிலிருந்து ஒரு போன். பேசியது என் பழைய நண்பரின் மகன். நானும் நண்பரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது.

"மாமா, அப்பாவோட லேத்துக்கு ஒருத்தர் விலை பேசிட்டாருங்க. கூட ஒரு மரப்பெட்டி நிறைய சாமான் கெடக்குது. அதை எடைக்குப் போட்டுரலாமுங்களா?"

"எதையும் தொடாதே கண்ணு, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். இந்த வயதில் எதற்கு இத்தனை அவசரம் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் 1967இல் இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, பீளமேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. முதலாளி ஒரு மில் ஏலத்தில் பழைய இங்கிலீஷ் லேத் ஒன்றை எடுத்து வந்தார். கூடவே ஒரு பெட்டி சாமான். "பிரிச்சு வை, வேண்டாததை எடைக்குப் போட்டுரு" என்றார். அதில் தட்டு மாதிரி பெரிய கியர் ஒன்று இருந்தது. எண்ணினேன், 127 பல். மறுபடி எண்ணினேன், அதே 127. லேத்தின் மூடியில் இருந்த பித்தளைத் தகட்டில் எந்தக் கியரைப் போட்டால் எந்த மரை வரும் என்ற பட்டியல் இருந்தது. அதில் 127 கிடையாது. எதிலும் வகுபடாத எண். யாரோ தப்பாக வெட்டிய கியர் என்று முடிவுகட்டி உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் கணக்கெல்லாம் அங்குலமும் நூலும்தான். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது, 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக அமலானது. மளிகைக் கடையில் கிலோவும் ஜவுளிக் கடையில் மீட்டரும் வந்துவிட்டன. ஆனால் லேத்துக்குள் இருக்கும் லீட் ஸ்க்ரூவுக்குச் சட்டம் தெரியாது. எங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு நான்கு மரை. ஸ்பிண்டிலுக்கும் அதற்கும் இடையே போடும் கியர்கள்தான் வெட்டும் மரையை முடிவு செய்யும். அங்குல மரைக்கு 20, 40, 60 என்று சாதாரணக் கியர்களே போதும். மில்லிமீட்டருக்கு அது நடக்காது.

ஒரு அங்குலம் 25.4 மி.மீ. புள்ளியைப் போக்க ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் சின்னக் கியர்கள் எத்தனை சேர்த்தாலும் அந்த விகிதம் துல்லியமாக வராது. 127 பல்லையே போட்டாக வேண்டும். தொழில்துறைக்கு 25.4 என்பதைப் பிரிட்டனின் தர அமைப்பு 1930இல் ஏற்றது. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள் அதையே பொது அளவாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. ஆக, நான் எடைக்குப் போட்டது அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம்.

நாலு மாதத்தில் தெரிந்துவிட்டது. 12 மி.மீ. போல்ட்டுக்கு ஒரு ஆர்டர் வந்தது. மரை 1.75 மி.மீ. 35 பல் கியர் 127ஐச் சுழற்றினால் முடிந்தது வேலை. உக்கடத்துக்கு ஓடினேன், கியர் எப்போதோ உருக்குக்குப் போயிருந்தது. கியர் வெட்டும் கடையில் கேட்டால் தலையைச் சொறிந்தார்கள். டிவைடிங் ஹெட்டின் துளைத் தட்டில் 127ஐ நேரடியாகப் பிரிக்க முடியாது, அதற்கு டிஃபரன்ஷியல் கியர் மாட்ட வேண்டும். ஆன செலவு என் இரண்டு மாதச் சம்பளம். முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை. தீபாவளி போனஸ் கவர்கள் கொடுக்கும்போது மட்டும், "உன்னுது கியர்ல போயிருச்சு கண்ணு" என்றார்.

கணபதிக்குப் போனதும் பெட்டியில் முதலில் 127ஐத்தான் தேடினேன். இல்லை. ஆனால் 63 இருந்தது! 127 பல் கியர் சின்ன லேத்தில் இடம் கொள்ளாது. அங்கே 63தான் ஆபத்பாந்தவன். 63 பல் 80ஐச் சுழற்ற, அந்த 80இன் தண்டிலேயே மாட்டிய 20 பல் 100ஐச் சுழற்றினால், நான்கு மரை லீட் ஸ்க்ரூவில் 1 மி.மீ.க்குப் பதில் 1.000125 மி.மீ. வரும். 100 மி.மீ. நீளத்துக்கு 0.0125 மி.மீ. பிழை. போல்ட் நட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. அளவுக் கருவிக்கான நீண்ட ஸ்க்ரூவுக்கு மட்டும் ஆகாது.

இன்னொன்று, முனையில் ஒரு பக்கம் பாதி போன சென்டர். தம்பி அதை "ஒடஞ்சது" என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். உடைந்ததல்ல, அப்படியே செய்தது. இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்த தண்டின் முகத்தைச் சீவ டூல் உள்ளே வர வேண்டுமே, அதற்காக விட்ட இடம். உடைந்ததற்கும் செய்ததற்கும் வித்தியாசம் தடவிப் பார்த்தாலே தெரியும். செய்தது வழவழப்பாகக் கிரைண்டிங் ஆகியிருக்கும்.

கியர்களைச் சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து எண்ணச் சொன்னேன். பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளி விட்டத்தின் அங்குலத்தால் வகுத்தால் பல்லின் அளவு கிடைக்கும். 63க்கு விட்டம் மூன்றேகால் அங்குலம், ஆக 20. மற்றக் கியர்களும் 20தான். நடுத்துளையும் சாவிக்காடியும் லேத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. அப்படியானால் இந்தப் பெட்டி இந்த லேத்துடையதேதான். வேறு லேத்காரருக்கு அந்த 63 பேப்பர் வெயிட், இந்த லேத்தை வாங்குபவருக்குப் பாதி மெஷின்.

பெட்டிக்குத் தனி விலை சொல்லியிருக்கிறோம். வாங்க வந்தவர் முகம் சுளித்து, யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். ஸ்டெடி ரெஸ்ட்டில் ஒரு தாடையைக் காணோம், அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை பெட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.