தக்காளியின் தேவையும் புல்தரையின் தேவையும்: சித்தூர்ச் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் உழவர் மிகுந்த வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில், தக்காளி நடுவோர் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று நிலத்திலிருந்து அருகை வேரோடு களைவது. அதே அருகு நகரத்து மாளிகையின் முன்றிலில் வளர்ந்தால் ‘புல்தரை’ என்னும் பெயர் பெறுகிறது. அதற்கு நீரும் உரமும் காவலும் கிடைக்கின்றன. ஒரு செடியின் தேவை அதன் இயல்பால் பாதி அமைகிறது. மனிதர் அதனிடம் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பதால் மறுபாதி அமைகிறது. இந்த மறுபாதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

இரு செடிகளும் கடல் கடந்து இடம் மாறியவை. தக்காளி தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைச்சாரலில் தோன்றி, மெக்சிக்கோவில் பயிராகப் பண்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. பின்னர்க் கடல்வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. அது வருமுன்பே ‘தக்காளி’ என்னும் சொல் தமிழில் இருந்தது. மணத்தக்காளி முதலிய நம் நிலத்துச் சிறுகனிச் செடிகளை அது குறித்தது. புதிதாக வந்ததனைச் ‘சீமைத்தக்காளி’ என்று பிரித்துச் சொன்னார்கள். காலப்போக்கில் வந்த செடி பெயரைத் தனதாக்கிக்கொண்டது, ‘சீமை’ உதிர்ந்தது. மலையாளத்திலும் அதன் பெயர் தக்காளியே. எனவே சித்தூர்ச் சந்தையில் இருமொழியாளரும் அதனை ஒரே சொல்லால் விலை பேசுகின்றனர்.

அருகு எதிர்த்திசையில் பயணம் செய்தது. பழைய உலகின் வெப்பநிலங்களுக்குரிய இப்புல், அமெரிக்கக் கண்டத்தில் ‘பெர்முடா புல்’ எனப் பெயர் பெற்றது. அங்கு சியார்சியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்னும் புல்லியல் அறிஞர், அருகும் அதன் ஆப்பிரிக்க உறவான மற்றொரு புல்லும் கலந்த வகைகளை உருவாக்கினார். அவற்றுள் ‘டிஃப்வே’ 1960இல் வெளியிடப்பட்டது. அது விதை தராது. தண்டையும் வேரையும் பெயர்த்து நட்டே பரப்ப வேண்டும். உலகெங்கும் உள்ள கோல்ஃப் திடல்களை இவ்வகைக் கலப்பினங்கள் நிரப்பின. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகின் உறவினமே இன்று விலைக்கு வாங்கி விரிக்கும் புல்விரிப்பாக நம்மிடம் திரும்பி வருகிறது.

இனி இவற்றின் இயல்பைக் காண்போம். இரண்டும் முழு வெயில் விரும்பிகள். ஆனால் வெப்பம் பற்றி இவற்றின் விருப்பம் வேறு. தக்காளி 20 முதல் 25 பாகை செல்சியசு அளவில் சிறக்கும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலும் இரவு போதிய அளவு குளிராவிட்டாலும் பூக்கள் காயாகாமல் உதிரும். அருகோ 35 பாகையிலும் தழைக்கும். கரும்பு, சோளம் ஆகியவற்றைப் போல, குறைந்த நீரில் மிகுந்த உலர்பொருளை ஆக்கும் ஒளிச்சேர்க்கை முறை அதற்கு உண்டு. நீரே இல்லையெனில் பழுத்துக் காய்ந்து, மண்ணுக்குள் உறங்கி, முதல் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். தக்காளிக்கு அந்த உறக்கம் தெரியாது. பூக்கும் பருவத்தில் நீர் தவறினால் அந்தப் போகமே கெடும். ஒழுங்கின்றிப் பாய்ச்சினால் காயின் அடி கறுத்து அழுகும், பழம் வெடிக்கும்.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. கேரளத்தின் பெரும்பரப்பு புளிப்பு மிகுந்த செம்பாறை மண். அம்மண்ணில் தக்காளியைப் பாக்டீரியா வாடல் நோய் எளிதில் தாக்கும். அதனைத் தாங்கும் பொருட்டே கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா ஆகிய வகைகளை வெளியிட்டது. சித்தூரின் கிழக்குப் பகுதியில் கேரளத்தில் அரிதான கரிசல் மண் காணப்படுகிறது. அதில் புளிப்பு குறைவு, சுண்ணாம்புச் சத்து மிகுதி. மழையும் மாநிலத்தின் பிற பகுதிகளைவிட மிகக் குறைவு. மழைக்குறைவு நெல்லுக்குக் குறையாயினும் இலைநோய்க்கு அஞ்சும் தக்காளிக்கு நலம். இடுக்கியின் எல்லையில் வட்டவடையும் காந்தளூரும் காய்கறிக்குப் பெயர் பெற்றதற்கும் மலை மறைத்த மழை ஒரு காரணம். அங்கும் உழவர் பலரின் தாய்மொழி தமிழே.

உரத்தில்தான் இரு செடிகளின் ‘பயன்’ பற்றிய மனித எண்ணம் தெளிவாகப் புலப்படுகிறது. தக்காளிக்குத் தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுக்கும், காய் குறையும். எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து என்பது கேரளத்துப் பரிந்துரை; அது ஒரு போகம் முழுமைக்கும் உரியது. புல்தரைக்கோ இலைதான் பயன். வெட்டுந்தோறும் இலையோடு சத்தும் போகும். மீண்டும் இட வேண்டும். கருத்தாகப் பேணப்படும் விளையாட்டுத் திடலில், வளரும் பருவத்தின் ஒவ்வொரு மாதமும் எக்டேருக்கு ஏறக்குறைய 50 கிலோ தழைச்சத்து வரை இடுவதுண்டு. வெட்ட வெட்ட வேரும் மேலோடு நின்றுவிடும். வேர் மேலோடு நிற்பதால் அடிக்கடி நீர் வேண்டும். தக்காளியைப் பூக்க வைப்பதற்காக வளர்க்கிறோம். புல்லைப் பூக்க விடாமல் வளர்க்கிறோம். ஒன்றின் தேவை நான்கு திங்களில் நிறைவுறுகிறது. மற்றதன் தேவைக்கு முடிவே இல்லை.

அருகு கேட்காத இத்தேவையை அதன்மேல் ஏற்றியது ஐரோப்பியப் பெருநிலக்கிழாரின் வாழ்முறை. உணவு விளையக்கூடிய நிலத்தை விளைவின்றி வைத்திருக்க இயல்வதே செல்வத்தின் அடையாளமாயிற்று. அங்கு ஆடுகளும் அரிவாள் ஏந்திய கூலியாட்களும் புல்லைக் கட்டையாக வைத்திருந்தனர். 1830இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர்சயர் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மயிரைச் சீராக வெட்டும் ஆலைப்பொறியைக் கண்டு புல்வெட்டும் பொறியை ஆக்கினார். அதன்பின் புல்தரை நடுத்தர வகுப்பாரின் வீட்டுக்கும் வந்தது. குடியேற்ற ஆட்சியோடு நம் மலைகளுக்கும் ஏறியது.

உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்கா இதற்குத் தக்க சான்று. 1845 அளவில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர், மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, நியாய விலையில் காய்கறி பெறுவதற்காக ஒரு தோட்டம் அமைத்தனர். அது நிலைக்கவில்லை. 1847இல் தோட்டக்கலைக் கழகமும் பொதுப்பூங்காவும் அமைக்கும் முயற்சி எழுந்தது. மறு ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரகாம் மெக்கைவர் வந்து சேர்ந்தார். சதுப்பையும் சரிவையும் திருத்திப் பூங்காவை உருவாக்கினார். இன்று அங்குச் செல்வோர் முதலில் வியப்பது அகன்ற புல்வெளியை. காய்கறிக்கான முயற்சி தொடக்கமாகவும் புல்வெளி முடிவாகவும் அமைந்த இவ்வரலாறு, நிலத்தின் மதிப்பு எவ்வாறு இடம் மாறுகிறது என்பதைக் காட்டுகிறது.

உதகையில் மழையும் பனியும் புல்லுக்குத் துணை நின்றன. சித்தூரில் அத்துணை இல்லை. இங்கு நீரே வரலாறு. கொச்சி அரசின் வட்டமாக இருந்த சித்தூர் 1957இல் பாலக்காடு மாவட்டத்தில் சேர்ந்தது. ஊருக்கு உயிர் தரும் சித்தூர்ப்புழைக்குச் ‘சோகநாசினி’ என்றும் பெயர். அதன் தலைநீர் ஆளியாற்றுப் பக்கமிருந்து வருகிறது. பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் எனக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுதோறும் 7,250 மில்லியன் கன அடி நீர் வர வேண்டும். ஆண்டுக் கணக்கு நிறைந்தாலும் பயிருக்குரிய மாதத்தில் வந்ததா என்பதே உழவரின் கேள்வி. கால்வாய் எட்டாத கிழக்கு ஊர்களில் ஆழ்துளைக் கிணறே கதி. நிலத்தடி நீர் யாருக்கு என்னும் வினாவை 2002இல் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை மக்கள் நாடறிய எழுப்பியதும் இதே வட்டத்தில்தான்.

இப்பின்னணியில் ஓர் எளிய கணக்கு. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் எனக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 20,000 லிட்டர் வேண்டும். முழுவளர்ச்சி பெற்ற தக்காளிக்கும் பசுமை மாறாத புல்தரைக்கும் இவ்வளவு பெரிதும் மாறாது. எனவே ‘புல் அதிகம் குடிக்கும், தக்காளி குறைவாகக் குடிக்கும்’ என்று எளிதாகத் தீர்ப்புரைக்க இயலாது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. ஒரு மாதம் நீர் நிறுத்தினால் புல்தரை நிறம் இழக்கும், மழையில் மீளும். பூக்கும் பருவத்தில் ஒரு வாரம் நிறுத்தினாலே தக்காளி உழவர் நாற்றுக்கும் உரத்துக்கும் பந்தலுக்கும் பட்ட கடனோடு நிற்பார். பஞ்சக் காலத்தில் யாருடைய நீரை முதலில் நிறுத்துவது என்னும் கேள்விக்கு விடை இவ்வேறுபாட்டில் உள்ளது.

அருகைப் பகைக்க வேண்டுவதில்லை. மேய்ச்சலாகவும் மருந்தாகவும் வரப்பைக் காக்கும் வேலியாகவும் அது நம்மிடம் நெடுங்காலம் நீரேதும் கேளாமல் வாழ்ந்தது. கோடையில் அது பழுப்பதை அழகின்மை என்று கருதும் கண்ணே புதிது. சித்தூரில் எழும் புதிய வீடுகளும் விடுதிகளும் நான்கு திங்கள் பழுப்பைப் பொறுத்துக்கொண்டால் போதும்; அப்புல்லுக்கு இழப்பேதும் இல்லை.

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பகுதி அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய சந்தைச் சீட்டு, கமிசன் மண்டிக் கணக்கு, கிணறு வெட்டிய செலவுக் குறிப்பு ஆகியன இருப்பின் கிழித்தெறிய வேண்டா. இவ்வட்டாரத்து நீரின் வரலாறு அத்தாள்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. படமெடுத்து அனுப்பினால் நன்றியோடு பதிவு செய்வேன்.